பில் கேட்ஸ் குழந்தைகளின் உடல்நலத்துக்குப் பணம் கொடுத்தது உண்மையான சேவையா, வெறும் விளம்பரமா?

முதலில் ஒரு பாக்கியை ஒத்துக்கொள்கிறேன். கல்லூரியில் சேர்ந்த வருஷம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு சிடி வாங்கினேன். மேலே மார்க்கர் பேனாவால் 'வின் 98' என்று கிறுக்கியிருந்தது, விண்டோஸ் 98-இன் திருட்டு நகல். பில் எல்லாம் கிடையாது. அந்த சிடியில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இன்று மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அதனால் விண்டோஸை விற்ற மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய கேட்ஸைப் பற்றிப் பேசும்போது நான் கொஞ்சம் அடக்கித்தான் வாசிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் அம்மா கிராம சுகாதார செவிலியர். வேலூரைச் சுற்றியுள்ள சில கிராமங்களுக்கு முப்பது வருஷத்துக்கு நெருக்கமாக அவர்தான் 'நர்சம்மா'. புதன்கிழமை என்றால் எங்கள் வீட்டில் காலைச் சமையல் ஐந்து மணிக்கே முடிந்துவிடும், தடுப்பூசி நாள். கேட்ஸ் எங்கேயோ எழுதிய காசோலையின் கடைசி முனை, அம்மா தோளில் தொங்கிய நீல நிறத் தடுப்பூசிப் பெட்டி.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

கேட்ஸின் கதையை எல்லோரும் கல்லூரியைப் பாதியில் விட்டதிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் 1976-இல் அவர் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து ஆரம்பிப்பேன். அப்போது அவருக்கு வயது 20. ஆல்டேர் என்ற சின்னக் கணினியில் பேசிக் என்ற நிரல் மொழியை இயக்கும் மென்பொருளை அவரும் நண்பர் பால் ஆலனும் எழுதியிருந்தார்கள். காகித நாடாவில் துளை போட்டு விற்கப்பட்ட அந்த மென்பொருளை, கணினி ஆர்வலர்கள் ஆளுக்கொரு நகல் எடுத்துத் தங்களுக்குள் கொடுத்துக்கொண்டார்கள். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. பகிரங்கக் கடிதம் எழுதினார்: ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூடக் காசு கொடுக்கவில்லை, நீங்கள் செய்வது திருட்டு, சும்மா உழைக்க யாரால் முடியும்? இதுதான் சாரம். பலருக்கு எரிச்சல். ஆனால் மென்பொருள் தொழிலின் மொத்தப் பொருளாதாரமும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. முதல் பிரதியை உருவாக்க உயிர் போகும். இரண்டாவது பிரதியிலிருந்து செலவு ஏறக்குறைய பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்கு யார் விலை வைக்கிறார்களோ, அவர்களிடம் பணம் போய்ச் சேரும்.

அவர் விலை வைத்தார். 1986-இல் மைக்ரோசாஃப்ட் பங்குச் சந்தைக்கு வந்தது, அடுத்த வருஷமே 31 வயதில் கோடீஸ்வரர்; நம்மூர்க் கோடி இல்லை, நூறு கோடி டாலர். நடுவில் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

தர்ம காரியத்தில் அவர் ஆரம்பத்தில் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. வற்புறுத்தியவர் அம்மா மேரி. அவர் 1994-இல் புற்றுநோயால் இறந்தார். அதே வருஷம் அப்பாவின் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அப்பா வக்கீல், வருகிற விண்ணப்பங்களையெல்லாம் அவர்தான் பார்த்தார். அமெரிக்க நூலகங்களுக்குக் கணினி கொடுத்ததும் அந்தக் காலத்து வேலைதான். கணினி கொடுத்தால் கூடவே விண்டோஸும் போகிறதே என்று அப்போது கிண்டலடித்தார்கள். அந்தக் கிண்டலில் எனக்கு முழு உடன்பாடு.

திருப்பம் 1997-இல். நியூயார்க் டைம்ஸில் நிக்கோலஸ் கிறிஸ்டாஃப் எழுதிய ஒரு கட்டுரையைக் கேட்ஸும் அப்போதைய மனைவி மெலிண்டாவும் படித்தார்கள். ஏழை நாடுகளில் அசுத்தத் தண்ணீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாவதைப் பற்றிய கட்டுரை. களம் வேறெங்கும் இல்லை, மும்பைக்குப் பக்கத்தில் தானேயின் ஒரு சேரி. கேட்ஸ் அதை அப்பாவுக்கு அனுப்பி, இதில் நாம் ஏதாவது செய்ய முடியுமா என்று ஒரு வரி எழுதினார். உலக வங்கியின் 1993 அறிக்கையையும் படித்தார். எந்த நோய் எத்தனை குழந்தைகளைக் கொல்கிறது என்ற பட்டியலில், வருஷத்துக்கு ஐந்து லட்சம் குழந்தைகளைக் கொல்லும் ஒரு கிருமியின் பெயர் இருந்தது: ரோட்டா வைரஸ். அப்படி ஒன்றைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று பின்னால் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

என் அம்மாவும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்பது வேறு விஷயம். அவருக்கு அது 'பேதி'. குளிர்காலத்தில் கைக்குழந்தைகளுக்கு வரும், வாந்தியோடு வரும், இரண்டே நாளில் கண் உள்ளே போய்விடும். கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அது தீர்ந்தால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். 'பால் கொடுப்பதை நிறுத்தாதே' என்று ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் கத்திவிட்டு வருவார். மாமியார்கள் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள்.

இங்கேதான் என்னை உண்மையிலேயே உட்கார்ந்து யோசிக்க வைத்த விஷயம் வருகிறது. தடுப்பூசியும் மென்பொருள் மாதிரிதான். முதல் டோஸுக்குத்தான் செலவு: ஆராய்ச்சி, பரிசோதனை, ஆலை. அதன் பிறகு கோடிக்கணக்கில் செய்தால் ஒரு டோஸின் விலை தேநீர் விலைக்கு இறங்கிவிடும். ஆனால் கோடிக்கணக்கில் செய்ய வேண்டுமென்றால், கோடிக்கணக்கில் வாங்க ஆள் இருக்கிறது என்று கம்பெனிக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். ஏழை நாடுகளால் அந்த உறுதியைத் தர முடியவில்லை. அதனால்தான் தொண்ணூறுகளில், பணக்கார நாட்டுக் குழந்தைக்குப் போட ஆரம்பித்த ஒரு புதுத் தடுப்பூசி ஏழை நாட்டுக் குழந்தைக்கு வந்து சேரப் பதினைந்து இருபது வருஷம் ஆனது. மருந்து இருந்தது, சந்தை இல்லை. இது ஒரு மருத்துவருக்கு உடனே உறைத்திருக்குமா என்று தெரியவில்லை. விண்டோஸ் விற்றவருக்கு உறைத்தது.

1998 டிசம்பரில் சியாட்டிலில் உள்ள பாத் என்ற அமைப்புக்கு, குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்துக்காக 10 கோடி டாலர் கொடுத்தார். அடுத்த வருஷம் 75 கோடி டாலர் அறிவித்தார். அதை வைத்து 2000 ஜனவரியில் டாவோஸில் காவி (GAVI) என்ற சர்வதேசத் தடுப்பூசிக் கூட்டணி பிறந்தது. அது செய்கிற வேலையை மளிகைக் கடை மொழியில் சொல்லலாம்: பல ஏழை நாடுகளின் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, மொத்த வியாபாரியிடம் பேரம் பேசுவது. பல வருஷத்துக்கு வாங்குகிறோம் என்று வாக்குக் கொடுப்பது, ஒரே கம்பெனியை நம்பாமல் நாலு கம்பெனியைப் போட்டிக்கு இழுப்பது. பணம் முழுக்க கேட்ஸுடையது இல்லை; பெரும்பங்கு பிரிட்டன் போன்ற அரசுகளின் வரிப்பணம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதை நேரடியாகப் பார்த்தோம். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், இந்தியாவில் முதலில் வந்தது தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும்தான், 2011 டிசம்பரில், காவியின் உதவியோடு. அம்மாவுக்கு அதனால் வந்த மாற்றம் ரொம்பச் சின்னது: குழந்தையை இரண்டு தடவை அழ வைக்க வேண்டிய இடத்தில் ஒரு தடவை. அந்த வருஷம் அவர் என்னிடம் சொன்னது அது ஒன்றைத்தான்.

அந்த நீலப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் ஐஸ் பேக், நடுவில் குப்பிகள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் போய்விட்டால், பஸ் நின்றுவிட்டால், எல்லாம் வீண். முன்பெல்லாம் மருந்து கெட்டுவிட்டதா என்று குப்பியைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை, சந்தேகம் வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். தொண்ணூறுகளின் கடைசியில் போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு சின்ன வட்டம் வந்தது, அதற்குள் ஒரு சதுரம். சூடு பட்டால் சதுரம் மெதுவாகக் கருக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியைத் தூக்கிப்போட வேண்டும். அதை உருவாக்கியதிலும் அதே பாத் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு, கேட்ஸின் பணம் வருவதற்கு முன்பே. தனக்கு வேலையில் கிடைத்த ஒரே நல்ல கருவி அந்தச் சதுரம்தான் என்று அம்மா சொல்வார். பேனா எழுதாது, சைக்கிள் ஓடாது, அந்தச் சதுரம் மட்டும் பொய் சொல்லாதாம்.

ரோட்டா வைரஸ் கதை இதைவிட எனக்குப் பிடித்தது. எண்பதுகளின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் மகராஜ் கிஷன் பான் குழுவினர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். பிறந்த குழந்தைகள் சிலரின் உடலில் ரோட்டா வைரஸ் இருந்தது, ஆனால் நோய் இல்லை. அந்த வைரஸுக்கு 116-ஈ என்று பெயர் வைத்து எடுத்து வைத்தார்கள். இந்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறை, அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள், ஹைதராபாத்தின் பாரத் பயோடெக், பிறகு கேட்ஸ் அறக்கட்டளை எல்லோரும் சேர்ந்து இழுத்து, கடைசிக் கட்டப் பரிசோதனை மூன்று ஊர்களில் நடந்தது: டெல்லி, புனே, எங்கள் வேலூர். கிட்டத்தட்ட 6,800 குழந்தைகள். வேலூரில் ககன்தீப் காங் தலைமையில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக் குழு அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே ஊரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளை வாராவாரம் பின்தொடர்ந்து, எந்தக் குழந்தைக்கு எப்போது பேதி வந்தது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தது.

பாதுகாப்பு முதல் வருஷத்தில் சுமார் 55 சதவீதம்தான். கேட்பதற்குக் குறைவாகத் தெரியும். ஆனால் இந்தியாவில் மட்டும் வருஷத்துக்கு 78,000 குழந்தைகள் ரோட்டாவால் இறந்துகொண்டிருந்ததாக ஒரு மதிப்பீடு. அதில் பாதி என்றால் என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விலை ஒரு டோஸ் ஒரு டாலர். 2016-இல் நான்கு மாநிலங்களில் அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்து, 2017-இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது.

இதே கணக்கில் இன்னொன்று: மூளைக்காய்ச்சல் அடிக்கடி பரவும் ஆப்பிரிக்கப் பட்டை நாடுகள், அதற்கான தடுப்பூசி ஒரு டோஸ் அரை டாலருக்குள் வேண்டும் என்றன. கேட்ஸ் பணம், புனேயின் சீரம் நிறுவனம், 2010-இல் புர்கினா ஃபாசோவில் அந்த விலைக்குள் தடுப்பூசி வந்தது. நகல் எடுக்கிற செலவைக் கீழே தள்ளுவதில் இந்த மனிதருக்கு அலாதி ஆர்வம்.

இப்போது மறுபக்கம். 2009-இல் ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கேட்ஸ் பணத்தில் பாத் அமைப்பு கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்றை நடத்தியது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். தடுப்பூசிக்கும் மரணங்களுக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது போன்ற காரணங்கள். ஆனால் ஒப்புதல் வாங்கிய லட்சணம் மோசம். பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது, 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது மரணங்களைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. 'அம்மாக்காரி கிட்ட கேட்காம எப்படிப் போடுவாங்க?' என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். பணம் எங்கோ தூரத்தில் முடிவாகும்போது இதுதான் நடக்கும் என்பது என் எண்ணம். யாரும் ஓட்டுப் போடாத ஒருவர், உலகத்தில் எந்த நோய்க்கு ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற இடத்தில் இருப்பதும் எனக்கு உறுத்தல்தான்.

கொரோனா வந்தது. 2021 ஏப்ரலில் ஒரு பேட்டியில், தடுப்பூசி செய்முறையை எல்லோருக்கும் பகிர்ந்தால் உதவுமா என்று கேட்டார்கள். இல்லை என்றார், ஆலையும் தரமும்தான் தடை, காப்புரிமை இல்லை என்பது அவர் வாதம். எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே அவருடைய அறக்கட்டளை நிலையைக் கொஞ்சம் தளர்த்தியது. அந்தப் பேட்டியைப் பார்த்தபோது எனக்கு 1976-இன் இருபது வயதுப் பையன் ஞாபகத்துக்கு வந்தான். நகலை மலிவாக்குவார், தேவைப்பட்டால் தன் பணத்தில் இலவசமாகக்கூட வாங்கிக் கொடுப்பார். நகல் எடுக்கும் உரிமையை மட்டும் விட்டுத்தர மனசு வராது.

விளம்பரமா என்றால், பெரிய தொகைகள் வந்த காலத்தைப் பாருங்கள். 1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது ஏகபோக வழக்குப் போட்டது, அதே டிசம்பரில் முதல் 10 கோடி. சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. ஆனால் விளம்பரத்துக்கென்றால் வழக்கு முடிந்ததும் கை ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. 2008-இல் மைக்ரோசாஃப்டின் முழுநேர வேலையை விட்டார், 2025-இல் அடுத்த 20 வருஷத்தில் 20,000 கோடி டாலர் செலவழித்துவிட்டு 2045-இல் அறக்கட்டளையை மூடிவிடப்போவதாக அறிவித்தார். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் உலகில் 2000-இல் வருஷத்துக்கு ஏறக்குறைய 1 கோடி, 2022-இல் 49 லட்சம். இதில் தண்ணீர், கொசுவலை, படித்த தாய்மார்கள், எத்தனையோ அரசுகள் என்று பங்குதாரர்கள் நிறைய. அவருடைய பங்கு எவ்வளவு என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

2018-இல் என் மகளுக்கு ஆறாவது வாரம். சென்னையில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன், அம்மா கேட்கவில்லை. அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் கூட்டிப் போனார். வேலூரில் பரிசோதித்த அதே ரோட்டா மருந்து, ஐந்து சொட்டு. அதற்கு முன் போலியோ சொட்டு. புது நர்ஸ் குப்பியைத் திறக்கப் போனாள். 'இரும்மா' என்று அம்மா அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்தச் சதுரத்தைப் பார்த்தார்.

'ம், போடு' என்றார்.