40 வீடு சேர்ந்து சோலார் போட்டால் எனக்கு லாபமா?

கேள்வி: எங்கள் பகுதியில் 40 வீட்டுக்காரர்கள் சேர்ந்து மொத்தமாக சோலார் போடத் திட்டமிட்டிருக்கிறார்கள். நிறுவனத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தனியாகப் போடுவதைவிட விலை 15 சதவீதம் குறையுமாம். இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும் என்கிறார்கள். டெபாசிட்டை எடுத்துப் போடலாம், இல்லையென்றால் அந்த நிறுவனமே ஏற்பாடு செய்துதரும் குறைந்த வட்டிக் கடனை வாங்கலாம். எனக்கு வயது 54. பகலில் நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம். சேரலாமா?

பதில்: குழுவில் சேருங்கள். ஆனால் 15 சதவீதத்தை மட்டும் பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டும் வேறு வேறு. குழுவில் பெயர் கொடுத்தவர் எல்லாரும் வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை. இந்த மாதிரித் திட்டங்களுக்கு முன்னோடியான அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் அங்கே குடியிருப்பாளர்கள் ஒன்றுகூடி, போட்டி முறையில் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் 300-க்கும் மேற்பட்டவர்கள் பதிந்தார்கள். பேனல் ஏறியது 130 வீடுகளில். தன் கூரையையும் கணக்கையும் பார்த்தபிறகு ஒருவர் விலகிக்கொள்வது இதில் சகஜம்.

விலை குறைவது ஏமாற்று வேலை இல்லை, நிஜம்தான். வீட்டு சோலார் விலையில் பேனல் ஒரு பகுதி மட்டுமே. வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பது, வீடு வீடாக ஆள் அனுப்புவது, அனுமதி வாங்குவது, வேலையாட்களை அங்கும் இங்கும் ஓட்டுவது என்று நிறையச் செலவு அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒரே வட்டாரத்தில் 40 வீடு கிடைத்தால் நிறுவனத்துக்கு இதெல்லாம் மிச்சம். அதில் ஒரு பங்கு உங்களுக்கு வருகிறது.

சரி, அந்த 15 சதவீதம் உங்கள் வாழ்க்கையில் என்ன செய்யும்? தனியாகப் போட்டால் ஆகும் செலவை 100 என்று வையுங்கள். வரும் மின்சாரம் முழுவதையும் நீங்களே பயன்படுத்தினால் ஆண்டுக்கு 12 மிச்சமாகிறது என்றும் வையுங்கள். போட்ட பணம் திரும்ப எட்டு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். குழு விலையில், அதாவது 85-க்கு வாங்கினால் ஏழு ஆண்டு. ஓர் ஆண்டு லாபம். நல்லதுதான்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருவோம். பகலில் வீட்டில் யாரும் இல்லை. பேனல் தருவதோ பகலில். பாதி மின்சாரம் உங்களுக்குப் பயன்படாமல் மின் நிறுவனத்தின் கம்பி வழியாக வெளியே போகிறது என்று வையுங்கள். நெட் மீட்டரிங் முறையில், நீங்கள் வாங்கும் அதே விலைக்கு அது கழிக்கப்படும் என்றால் கவலையில்லை. ஆனால் பல இடங்களில் மின் நிறுவனம் வாங்கிக்கொள்ளும் விலை, விற்கும் விலையைவிட மிகக் குறைவு. மூன்றில் ஒரு பங்குதான் தருகிறார்கள் என்று வைத்தால், உங்கள் ஆண்டு மிச்சம் 12-லிருந்து 8 ஆகிவிடும். குழு விலை 85-க்கு வாங்கியும் பணம் திரும்பப் பத்தரை ஆண்டு. தள்ளுபடியே இல்லாமல் வாங்கி, முழுவதையும் தானே பயன்படுத்தும் வீட்டுக்காரர் உங்களுக்கு இரண்டு ஆண்டு முன்னால் நிற்பார்.

அதனால் முதல் வேலை, கடந்த 12 மாத மின் கட்டணச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். பகல் நேரத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று மீட்டரைக் காலையும் மாலையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே போகும் மின்சாரத்துக்கு என்ன விலை, அந்த விலை எத்தனை ஆண்டுக்கு உறுதி என்பதை மின் நிறுவனத்திடமே கேளுங்கள். சோலார் விற்பவரிடம் கேட்க வேண்டாம். விலை குறைவு என்று தெரிந்தால் சிறிய அளவாகப் போடுங்கள். துவைப்பதையும் தண்ணீர் சூடாக்குவதையும் டைமர் வைத்துப் பகலுக்கு மாற்றுங்கள். குழுவில் எல்லாருக்கும் ஒரே அளவைப் பேசி முடித்துவிடும் பழக்கம் உண்டு. அதற்குத் தலையாட்டாதீர்கள்.

அப்புறம் கடன். உங்களுக்காக நான் அதிகம் கவலைப்படுவது இதில்தான். வட்டி குறைவாக இருக்கும், ஆனால் கடன் கொடுப்பவருக்கு நிறுவனம் கட்டும் கட்டணம் பேனல் விலைக்குள் ஏற்றப்பட்டிருக்கலாம். அமெரிக்காவில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024-ல் இதை ஆராய்ந்து, இப்படிப்பட்ட கட்டணத்தால் கடன் தொகை ரொக்க விலையைவிடப் பல சமயம் 30 சதவீதமோ அதற்கு மேலுமோ கூடிவிடுகிறது என்று சொன்னது. 30 வேண்டாம், 20 சதவீதம் ஏற்றினாலே உங்கள் 85, 102 ஆகிவிடும். 40 பேர் சேர்ந்து பேசி வாங்கிய தள்ளுபடி ஒரு கையெழுத்தில் போய்விடும். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை, கடனில் வாங்கினால் என்ன விலை என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் அந்தக் கடனை விட்டுவிட்டு உங்கள் வங்கியில் விசாரியுங்கள்.

டெபாசிட்டை எடுப்பது தப்பில்லை, ஆனால் ஆறு மாதக் குடும்பச் செலவு தனியாக இருக்கட்டும். கூரையில் போட்ட பணத்தை அவசரத்துக்கு எடுக்க முடியாது, டெபாசிட்டைப் போல அசல் கடைசியில் மொத்தமாகத் திரும்பவும் செய்யாது; மின் கட்டண மிச்சமாகத்தான் வரும். மேலே சொன்ன மோசமான கணக்கில்கூட, மின் கட்டணம் ஏறவே இல்லை என்று வைத்தாலும், 25 ஆண்டில் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சதவீத வருமானத்துக்குச் சமம். பேனல் ஆண்டுக்கு அரை சதவீதம் போலத் திறன் குறைவதையும், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரை நடுவில் ஒருமுறை மாற்றுவதையும் கழித்துத்தான் சொல்கிறேன். உங்கள் டெபாசிட் வட்டியை இதோடு ஒப்பிடுங்கள். முழு மின்சாரத்தையும் நீங்களே பயன்படுத்தும் அளவுக்கு அமைத்தால் அந்த எண் 12-ஐத் தாண்டும். ஓய்வுக்குப் பிறகு பகலில் வீட்டில் இருப்பீர்கள் என்பதும் உங்களுக்குச் சாதகம். ஐந்தாறு ஆண்டில் வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் வேண்டாம்.

கூரையையும் பாருங்கள். இன்னும் பத்து ஆண்டுக்குள் மாற்றவோ பழுதுபார்க்கவோ வேண்டியிருந்தால் அதை முதலில் முடியுங்கள். பேனலைக் கழற்றி மறுபடி மாட்டும் கூலி உங்கள் தலையில்தான் விழும்.

ஏற்பாட்டாளர்களிடம் சில கேள்விகள் கேட்கவேண்டும். எத்தனை நிறுவனங்களிடம் கொட்டேஷன் வாங்கினார்கள்? ஏற்பாட்டாளருக்கு நிறுவனம் ஏதாவது தருகிறதா? தந்தால் பாவமில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியவேண்டும். 15 சதவீதம் என்பது 40 பேரும் சேர்ந்தால்தானா, 22 பேர் மட்டும் வந்தால் என்ன ஆகும்? மாசசூசெட்ஸ் மாநிலம் 2011-ல் தொடங்கிய திட்டத்தில் ஆட்கள் சேரச் சேர விலை படிப்படியாக இறங்கியது. முதலில் கையெழுத்துப் போட்டவருக்கும் கடைசியில் எட்டிய விலையே கிடைத்தது. உங்கள் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கவேண்டும். வெளியிலிருந்து நீங்களாகவே இரண்டு கொட்டேஷன் வாங்கி, மொத்த விலையைப் பார்க்காமல் ஒரு வாட்டுக்கு என்ன விலை என்று ஒப்பிடுங்கள்.

மாதக் கடைசிக்குள் இவ்வளவையும் முடிக்க முடியாவிட்டால், உங்கள் கூரையை நேரில் அளந்து இறுதி விலை சொன்னபிறகு 14 நாள் அவகாசம் வேண்டும் என்று கேளுங்கள். 40 பேரில் இதே சந்தேகம் உள்ளவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள், சேர்ந்து கேட்டால் கொடுப்பார்கள். பணத்தையும் மொத்தமாகக் கட்டாதீர்கள். அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும், பேனல் ஏறியதும் ஒரு தவணை, மின் நிறுவனம் மீட்டரை மாற்றி இணைப்புக் கொடுத்தபிறகே கடைசித் தவணை என்று எழுதிக்கொள்ளுங்கள்.