பி.ஆர். வரும்வரை கனடாவில் விசிட்டராக இருப்பது: கேட்டீர்கள், சொல்கிறேன்

கனடாவுக்கு விசிட்டராக வந்து, பி.ஆருக்கு, அதாவது நிரந்தரக் குடியுரிமை அனுமதிக்குப் (permanent residence) போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களிடமிருந்து ஏகப்பட்ட கேள்விகள். நான் வக்கீல் இல்லை. என் கணவரை நானே ஸ்பான்சர் செய்தபோது படிவங்களோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டது, அப்புறம் தெரிந்தவர்களுக்கு உதவியதில் புரிந்தது, அவ்வளவுதான். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, என் விசா 2031 வரை இருக்கிறது. அதுவரை தங்கலாம்தானே?

முடியாது. விசாவில் இருக்கும் தேதி, எதுவரை நீங்கள் வந்து கதவைத் தட்டலாம் என்பதற்கு. உள்ளே வந்தபின் எத்தனை நாள் என்பது வேறு கணக்கு. அதிகாரி முத்திரைக்குப் பக்கத்தில் தேதி எதுவும் எழுதவில்லை என்றால் நுழைந்த நாளிலிருந்து ஆறு மாதம். எழுதியிருந்தாலோ, விசிட்டர் ரெக்கார்டு என்று தனியாகத் தாள் கொடுத்திருந்தாலோ அந்தத் தேதிதான். முத்திரையே குத்தவில்லையா? அப்போதும் ஆறு மாதம்தான், போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

கணவர் என்னை ஸ்பான்சர் செய்திருக்கிறார், விண்ணப்பம் கிடைத்தது என்ற கடிதமும் வந்துவிட்டது. அடுத்த மாதம் ஆறு மாதம் முடிகிறது. ஃபைல் நிலுவையில் இருக்கும்போது தனியாக நீட்டிக்க வேண்டுமா?

வேண்டும். வந்த கேள்விகளில் பாதி இதுதான், நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பி.ஆர். விண்ணப்பம் ஒரு பாதை, விசிட்டர் ஸ்டேட்டஸ், அதாவது விசிட்டராகச் சட்டப்படி தங்கும் அனுமதி, இன்னொரு பாதை, ஒன்று நகர்வதால் மற்றது தானாக நகராது. அந்தக் கடிதம் ஃபைல் வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் சொல்கிறது, தங்க அனுமதி என்று அதில் ஒரு வரிகூட இல்லை, எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆன்லைனில் விசிட்டர் நீட்டிப்புக்குப் போடுங்கள், கட்டணம் 100 டாலர், தேதி முடிய 30 நாளாவது இருக்கும்போதே போடச் சொல்கிறார்கள். பி.ஆருக்குக் காத்திருப்பதை விளக்கக் கடிதத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். நிரந்தரமாகக் குடியேற ஆசைப்படுவதும், அது கிடைக்காவிட்டால் கிளம்பிவிடத் தயாராக இருப்பதும் ஒருவரிடமே இருக்கலாம் என்று சட்டமே ஏற்கிறது. ஸ்டேட்டஸ் உயிரோடு இருக்கும்போதே துணைவருக்கான ஓப்பன் வொர்க் பெர்மிட்டுக்கும் (எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் அனுமதி) போட்டுவிடுங்கள், பின்னால் தலைவலி குறையும்.

நீட்டிப்புக்குப் போட்டுவிட்டேன், பதில் வருவதற்குள் தேதி தாண்டிவிட்டது. பயமாக இருக்கிறது.

தேதி முடியும் முன்பே போட்டுவிட்டீர்கள் என்றால் பயம் வேண்டாம். முடிவு வரும்வரை பழைய ஸ்டேட்டஸே தொடர்வதாகக் கணக்கு. ஆனால் நாட்டுக்குள் இருக்கும்வரைதான். நடுவில் ஊருக்குப் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பு அறுந்துவிடும், திரும்பி வரும்போது எல்லையில் புதிதாகத்தான் தீர்மானிப்பார்கள். இன்லேண்ட் வழியில், அதாவது கனடாவுக்குள் சேர்ந்து வாழ்ந்துகொண்டே, ஸ்பான்சர் செய்யப்பட்டவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது: திரும்ப உள்ளே விடாவிட்டால் பி.ஆர். ஃபைலே கவிழலாம்.

தேதி போய் மூன்று வாரம் ஆகிவிட்டது, இப்போதுதான் கவனித்தேன்.

90 நாளுக்குள் ஸ்டேட்டஸை மீட்டுத் தரும்படி விண்ணப்பிக்கலாம். கட்டணம் கூடுதல், கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது, ஏன் தவறியது என்று நேராகச் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை உங்களுக்கு ஸ்டேட்டஸ் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். 90 தாண்டிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். ஆகவே இன்றே உட்காருங்கள், தம்பி.

ஒரு வருஷமாக ஸ்டேட்டஸ் இல்லாமல் இருக்கிறேன். கணவர் கனடியர். எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. 2005 முதல் ஒரு பொதுக் கொள்கை இருக்கிறது. கனடாவுக்குள் சேர்ந்து வாழும் கணவன் மனைவி, ஒருவருக்கு ஸ்டேட்டஸ் இல்லாவிட்டாலும் இன்லேண்ட் வழியில் விண்ணப்பிக்கலாம். தேதி தாண்டித் தங்கியது, அனுமதியில்லாமல் வேலை செய்தது போன்றவற்றை இதில் மன்னிப்பார்கள். குற்ற வழக்கு, பொய்த் தகவல் இதெல்லாம் இதற்குள் வராது. மன்னிப்பு என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்: இனிமேல் கடையில் கையில் காசு வாங்கி வேலை பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. இன்லேண்டில் மறுத்துவிட்டால் மேல்முறையீட்டு உரிமையும் கிடையாது. வெளியேற்ற உத்தரவு ஏற்கெனவே கையில் இருந்தால் என்னிடம் கேட்காதீர்கள், உரிமம் பெற்ற வக்கீலிடம் போங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், 180 நாள் கூடுதலாகத் தங்கினால் மூன்று வருஷத் தடை என்கிறார்.

அது அவர் நாட்டுச் சட்டம். அங்கே 180 நாளுக்கு மேல் என்றால் மூன்று வருஷம், ஒரு வருஷம் என்றால் பத்து, வெளியேறியபின் தொடங்கும். கனடாவில் அப்படித் தானாக விழும் தடை இல்லை. ஆனால் கூடுதலாகத் தங்கியதற்காக விலக்கு உத்தரவு (exclusion order, நாட்டைவிட்டு வெளியேற்றும் உத்தரவு) போட்டால், சிறப்பு அனுமதி வாங்காமல் ஒரு வருஷம் திரும்ப வர முடியாது.

படிவத்தில் “அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியிருக்கிறீர்களா” என்று கேட்கிறார்கள். 'இல்லை' என்று போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

தெரியும். இப்போது நாட்டைவிட்டுக் கிளம்பும் தேதியும் அவர்களிடம் பதிவாகிறது. கூடுதலாகத் தங்கியதற்கு வழி இருக்கிறது என்று மேலேதான் சொன்னேன், பொய்க்கு ஐந்து வருஷத் தடை. மன்னிக்கக்கூடிய தப்பை மறைக்கப் போய் மன்னிக்காத தப்பைச் செய்வது எனக்குப் புரியவே இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் இருக்கும் பஃபலோ வரை போய்த் திரும்பினால் புதிதாக ஆறு மாதம் கிடைக்குமாமே?

எல்லை அதிகாரியின் மனசு. கொடுக்கலாம், குறைக்கலாம், கேள்வி மேல் கேள்வி கேட்டு உட்காரவும் வைக்கலாம். அமெரிக்காவுக்குள் போக அந்த நாட்டு விசாவும் வேண்டும். வீட்டிலிருந்து நூறு டாலரில் முடிகிற வேலைக்கு இது எதற்கு?

அப்பா அம்மாவுக்குப் பி.ஆர். போட இந்த வருஷமும் அழைப்பு வரவில்லை. எப்படி நீண்ட நாள் வைத்துக்கொள்வது?

சூப்பர் விசா, பெற்றோர் நீண்ட நாள் தங்க வந்துபோகும் விசா. 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை வந்தால் ஐந்து வருஷம் வரை இருக்கலாம். குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு, ஒரு வருஷ மருத்துவக் காப்பீடு வேண்டும், உங்கள் வருமானத்தையும் பார்ப்பார்கள். விண்ணப்பம் அவர்கள் கனடாவுக்கு வெளியே இருக்கும்போதுதான். ஒன்று, பாஸ்போர்ட்டைப் பாருங்கள்: அது முடியும் தேதிக்கு மேல் தங்க அனுமதி தர மாட்டார்கள். தெரிந்த ஒரு வீட்டில் அம்மாவுக்கு முழுக்காலம் கிடைத்தது, அப்பாவின் பாஸ்போர்ட் பதினோரு மாதத்தில் முடிவதால் அவருக்குப் பதினோரு மாதம்தான்.