கிளிநொச்சி வன்னி இல்லையாம்

அண்ணா, வணக்கம். மாங்குளத்தில் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். கொழும்புக் கொம்பனி ஒன்று என்னை "வன்னிப் பிரதேசத்துக்கான ஏக விநியோகஸ்தர்" என்று எழுதி ஒப்பந்தம் செய்தது. இப்போது அதே சாமானைக் கிளிநொச்சியில் இன்னொருவருக்கும் கொடுக்கிறார்கள். கேட்டால், கிளிநொச்சி வன்னி மாவட்டத்தில் இல்லையாம். இது சரியா?
(ஒரு வாசகர்)

தம்பி,

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, வில்லங்கமே அதுதான். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும். கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்துதான் வாக்குப் போடுகிறார்கள். 1984 வரைக்கும் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான் இருந்தது. ஆனால் கிளிநொச்சி உருத்திரபுரத்தில் வயல் செய்கிற ஒருவரிடம் போய் "நீங்கள் வன்னி இல்லை" என்று சொல்லிப் பாருங்கள்!

உங்கள் ஒப்பந்தத்தில் "தேர்தல் மாவட்டம்" என்று இல்லை, "பிரதேசம்" என்றுதான் இருக்கிறது. அது உங்களுக்குச் சாதகம். வாசகம் இரண்டு பக்கமும் இழுபடும்போது, வேறு வழியில் தெளிவு கிடைக்காவிட்டால், எழுதியவருக்கு எதிராகப் பொருள் கொள்கிற விதியும் ஒன்று உண்டு. அதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். இதுவரை கிளிநொச்சிக் கடைகளுக்கு உங்கள் மூலமாகச் சாமான் போயிருந்தால் அந்த பில்கள், கொம்பனி உங்களுக்குக் கொடுத்த விற்பனை இலக்கில் கிளிநொச்சி இருந்தால் அந்தத் தாள், வாட்ஸ்அப்பில் வந்த ஓர்டர் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். "ஏக" என்பதையும் பாருங்கள்: வேறு விநியோகஸ்தர் வரக்கூடாது என்பது ஒன்று, கொம்பனியே நேரே விற்கக்கூடாது என்பது வேறொன்று. தனியாக எழுதியிராவிட்டால் இரண்டாவது உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று எண்ணவேண்டாம்.

அப்புறம், புது ஒப்பந்தம் எழுதினால் மாவட்டப் பெயரோடும் நின்றுவிடாதீர்கள். கிளிநொச்சி மாவட்டம் என்று போட்டால் ஆனையிறவுக்கு அங்கால், யாழ்ப்பாணப் பக்கம் இருக்கிற பளையும் உங்களுக்கு வந்துவிடும், யாழ்ப்பாண விநியோகஸ்தர் சண்டைக்கு வருவார். முல்லைத்தீவு என்று மட்டும் போட்டால் ஒட்டுசுட்டான் உங்களுக்கு, பக்கத்திலிருக்கிற நெடுங்கேணி இல்லை, அது வவுனியா மாவட்டத்தின் வவுனியா வடக்குப் பிரிவு. ஆகவே பிரதேச செயலாளர் பிரிவுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அட்டவணையாக இணைத்து, "ஒப்பந்தத் திகதியில் உள்ள எல்லைகளின்படி" என்று ஒரு வரி சேருங்கள். எல்லை மாறாது என்று நினைக்கிறீர்களா? 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2007 ஜனவரி 1 முதல் வடக்கும் கிழக்கும் தனித்தனி மாகாணமாகிவிட்டன. அதற்கு முன் "வடக்கு கிழக்கு மாகாணம்" என்று மட்டும் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தவரின் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, போன் ஓர்டர். வவுனியாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, நீங்கள் பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டால் அந்த விற்பனை மாங்குளத்தில் நடந்ததா, வவுனியாவில் நடந்ததா? பில் போட்ட இடமா, சாமான் இறங்குகிற இடமா கணக்கு என்று எழுதுங்கள். வெளியூர் ஆள் தானாகக் கடைக்கு வந்து வாங்கினால் அது எல்லை மீறல் இல்லை என்பதையும் சேருங்கள்.

இப்போதைக்கு, பில்களோடு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். அதற்குள் கொம்பனி "விளக்கக் கடிதம்" என்று ஏதாவது அனுப்பிக் கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடாதீர்கள். வன்னி என்பது மூன்று மாவட்டம் என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும், கிளிநொச்சியை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.