பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் கட்டிட வரியா?

கட்டத்தான் வேண்டும். கொழிஞ்சாம்பாறை வீட்டில் எட்டு மாதமாக ஆளே இல்லை, முழு வரி கேட்கிறார்கள் என்கிறீர்கள். கேரளத்தில் காலி வீட்டுக்கும் உரிமையாளர்தான் பொறுப்பு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. வாசலில் தெருவிளக்கு எரிகிறதே.

ஆனால் முழுசாக வேண்டாம். அரையாண்டில் 60 நாளோ அதற்கு மேலோ காலியாக இருந்தால், காலி நாட்களைக் கணக்கிட்டு அதிகபட்சம் பாதி வரை தள்ளுபடி உண்டு. வாடகைக்காரர் போனதை நீங்கள் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்திருக்க மாட்டீர்கள், அதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். மனு கொடுத்த ரசீது இருக்கிறதா, தேடிப் பாருங்கள். கூடவே அந்த மாதங்களின் கரண்ட் பில்லையும் எடுத்து வையுங்கள்.

ரசீது இல்லையென்றால் பழைய பாக்கியில் தள்ளுபடி கிடைப்பது கடினம். அக்டோபரில் அடுத்த அரையாண்டு தொடங்கும், அதற்கு முன்பே செயலாளருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.