அலாய் வீலுக்குப் பதில் ஸ்போக் வீல்: கேள்வி பதில்

கேள்வி: அலாயைக் கழற்றிவிட்டு ஸ்போக் வீல் போடப் போகிறேன். எந்த ரிம் வாங்கலாம்?

பதில்: ரிம்மை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஹப், அதாவது ஸ்போக்குகள் வந்து சேரும் சக்கரத்தின் நடுப்பகுதி. ஆக்சில் விட்டம், பேரிங், டிஸ்க் போல்ட் ஓட்டைகள், பின்னால் ஸ்ப்ராக்கெட்டுக்குள் இருக்கும் டேம்பர் ரப்பர், ஏபிஎஸ் இருந்தால் அதன் பல் வளையம், இத்தனையும் உங்கள் பைக்குக்குப் பொருந்தினால்தான் மேலே பேசவே முடியும். அடுத்தது ஆஃப்செட், அதாவது ஹப்பிலிருந்து ரிம் எவ்வளவு பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது என்ற அளவு. பழைய வீலைக் கழற்றியதும் டிஸ்க் உட்காரும் முகத்தில் நேர்கோலை வைத்து, அங்கிருந்து ரிம் விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதி வையுங்கள். புது ரிம் அகலம் வேறு என்றால் வித்தியாசத்தில் பாதியைக் கூட்டியோ கழித்தோ கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால் பின் சக்கரம் ஒரு பக்கம் தள்ளி நிற்கும், எவ்வளவு பெண்டு எடுத்தாலும் வண்டி நேராகப் போகாது.

கேள்வி: முன்னால் 19 இஞ்ச். 21 போடலாமா?

பதில்: 110/80-19 டயரின் விட்டம் சுமார் 659 மி.மீ., 90/90-21 சுமார் 695. ஆக்சில் 18 மி.மீ. உயரும், ஹேண்டில் திரும்பும் தன்மை மாறும், மட்கார்டு உரசலாம், முன் சக்கரத்திலிருந்து வேகம் எடுக்கும் மீட்டர் குறைத்துக் காட்டும். மண் பாதைதான் அதிகம் என்றால் போடுங்கள்.

கேள்வி: எந்த கம்பெனி ரிம் நல்லது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ட்யூப் ரிம்மில் நிப்பிள்மேல் (ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்) சிலிக்கான் பூசி ட்யூப்லெஸ் ஆக்கலாமா?

பதில்: வேண்டாம். காற்று கசிவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ட்யூப்லெஸ் ரிம்மில் டயர் விளிம்பு உட்காரும் இடத்துக்கு உள்பக்கம் சின்ன மேடு ஒன்று ஓடும். காற்று குறைந்தாலும் டயர் நடுப்பள்ளத்துக்குள் வழுக்காமல் அதுதான் பிடித்து வைக்கும். ரிம்மில் எம்டி (MT) என்று குத்தியிருந்தால் மேடு உண்டு, டபிள்யூஎம் (WM) என்றால் இல்லை.

கேள்வி: நான் டபிள்யூஎம் ரிம்மில் அப்படித்தான் ரொம்ப நாளாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: காற்று இருக்கிறவரை ஒன்றும் ஆகாதுதான். முன் சக்கரம் வேகத்தில் பஞ்சர் ஆகி டயர் பள்ளத்துக்குள் இறங்கினால் ஹேண்டில் உங்கள் கையில் இருக்காது. தயவுசெய்து ட்யூபைத் திரும்பப் போடுங்கள்.

கேள்வி: எம்டி ரிம்மில் நிப்பிள் ஓட்டைகளை அடைக்க சீல் டேப் ஒட்டலாமா?

பதில்: அதற்கென்றே செய்த டேப் என்றால் சரி. ஆனால் நிப்பிள் மாற்றும்போதெல்லாம் டேப்பைப் பிரித்து ஒட்ட வேண்டும். காசு இருந்தால், பிஎம்டபிள்யூ ஜிஎஸ் வண்டிகளில் வருவதுபோல் ஸ்போக் ரிம்மின் ஓரத்தில் மாட்டும் வகையை வாங்குங்கள், காற்றறையில் ஓட்டையே இருக்காது.

கேள்வி: சிலிக்கானுக்குப் பதில் எபாக்சி?

பதில்: டபிள்யூஎம் ரிம் என்றால் எதைப் பூசினாலும் அதே பதில்தான்.

கேள்வி: ஸ்டீலா, அலுமினியமா?

பதில்: ஸ்டீல் கனம், துருப்பிடிக்கும், வளைந்தால் ஓரளவு நிமிர்த்தலாம். அலுமினியம் இலகு, பலமாக அடிபட்டால் விரிசல் விடலாம். என் ஓட்டு அலுமினியத்துக்கு.

கேள்வி: புது வீல் மாட்டியாகிவிட்டது. என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: புது ஸ்போக் கொஞ்சம் ஓடித்தான் படியும். முதல் ஓட்டம் முடிந்ததும், சில நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடியும், சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தையாகக் கேட்கும். கால் திருப்புக்கு மேல் ஒரே மூச்சில் முறுக்காதீர்கள், எதிர்ப்பக்கம் இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: பழைய ஸ்போக்கையே புது ரிம்முக்குப் போடலாமா?

பதில்: ரிம்மின் ஆழம் மாறினால் நீளமும் மாறும். நிப்பிளைத் தாண்டி ஸ்போக் முனை நீட்டினால் ட்யூபைக் குத்தும், அதை அரத்தால் தேய்த்துவிட்டுத்தான் ரிம் டேப் ஒட்ட வேண்டும். முனை நிப்பிளுக்குள் பாதியோடு நின்றால் மரை உருவிக்கொள்ளும், அந்த செட்டைப் போடாதீர்கள்.