அரபியும் பாரசீகமும் சேர்த்துப் படிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

நான் ஆற்காட்டைச் சேர்ந்தவன். வேலூரில் ஒரு கல்லூரியில் இளங்கலை வரலாறு, கடைசி ஆண்டு. நவாப் காலத்து ஆற்காட்டைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. ஆவணங்கள் பெரும்பாலும் பாரசீகத்தில் இருக்கின்றன என்பதால், முதுகலையில் மொழி படிக்கலாம் என்று நினைக்கிறேன். அரபியையும் சேர்த்துப் படி என்கிறார் ஒரு பேராசிரியர். இரண்டுக்கும் ஒரே எழுத்து, குழம்பிவிடும், ஒன்றையாவது உருப்படியாகப் படி என்கிறார் இன்னொருவர். வீட்டில், அரபி படித்தால் வேலை கிடைக்கும், பாரசீகம் எதற்கு என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. என்ன செய்யட்டும்?

வாசகர், ஆற்காடு

அன்புள்ள தம்பி,

இரண்டையும் படியுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் ஓராண்டு அரபி மட்டும். அது கொஞ்சம் கைக்கு வந்ததும் பாரசீகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழம்பிவிடும் என்ற பயத்தை முதலில் பார்ப்போம். எழுத்து ஒன்றானாலும் மொழிக் குடும்பம் வேறு. அரபி, எபிரேயத்தின் உறவு மொழி. பாரசீகம் சமஸ்கிருதம் இருக்கும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அரபியில் பெரும்பாலும் மூன்று மெய்கள் கொண்ட ஒரு வேர் இருக்கும். அதிலிருந்து செயல், செய்பவர், செய்யும் இடம் என்று சொற்கள் கிளைக்கும். ஆண்பால் பெண்பால் உண்டு, ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமையும் உண்டு. பாரசீகத்தில் பால் வேறுபாடே கிடையாது. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். வினைச்சொல் நம் தமிழைப் போல வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். அமைப்பு இவ்வளவு விலகி இருப்பதால் இலக்கணத்தில் குழப்பம் அதிகம் வராது.

குழப்பம் வருவது சொற்களில். பாரசீகம் அரபிச் சொற்களை ஏராளமாக வாங்கி வைத்திருக்கிறது. எழுத்துக்கூட்டலை மாற்றவில்லை, ஒலியை மாற்றிக்கொண்டது. அரபியில் தனித்தனியாக ஒலிக்கும் நான்கு எழுத்துகள் ஈரானியர் வாயில் ஒரே ஒலியாகிவிடும். எழுதும்போது மட்டும் நான்கும் பழையபடியே நிற்கும். அரபி தெரியாதவர் எந்தச் சொல்லில் எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யவேண்டும். தெரிந்தவருக்கு வேரைப் பார்த்தாலே பிடிபடும். அரபியின் 28 எழுத்துகளோடு இன்னும் 4 சேர்த்தால் பாரசீக நெடுங்கணக்கு முடிந்தது. அரபியை முன்னால் வைக்கச் சொல்வது இதனால்தான்.

உங்கள் ஆய்வுக்கு அரபி எதற்கு என்று கேட்கலாம். பாரசீக ஆவணத்தில் தேதி ஹிஜ்ரி மாதங்களில் இருக்கும், அவை அரபிப் பெயர்கள். தொடக்கத்தில் வரும் இறைவாழ்த்து அரபி. கணக்கேடுகளைத் திறந்தால் சியாக் என்று ஒரு முறை வரும். அரபி எண்ணுப்பெயர்களைச் சுருக்கிச் சுருக்கி, ஒரே கீற்றாக எழுதிய தொகைகள் அவை. கர்நாடக நவாப் என்று அழைக்கப்பட்ட ஆற்காட்டு நவாபின் கடன் கதையைக் கணக்கை வைத்துச் சொல்ல விரும்பினால் சியாக்கைத் தவிர்க்க முடியாது. அப்புறம், கையெழுத்து. பாடப்புத்தகத்தில் அழகாக அச்சிட்ட எழுத்தைப் படித்துவிட்டு முன்ஷிகள் என்ற எழுத்தர்கள் வேகமாக எழுதிய ஷிகஸ்தா கையெழுத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். புள்ளிகளை விட்டுவிடுவார்கள், பிரிந்து நிற்கவேண்டிய எழுத்துகளை இணைத்துவிடுவார்கள். அங்கே சொல்லை ஊகித்துத்தான் படிக்கவேண்டும். சொற்கிடங்கில் அரபி இல்லாதவர் எதை வைத்து ஊகிப்பார்?

எஸ். முகம்மது ஹுசைன் நயினாரைப் படியுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீக, உருதுத் துறையின் தலைவராக இருந்தவர். நவாப் முகம்மது அலி வாலாஜாவின் அரசவையில் எழுதப்பட்ட ‘துசுக்-இ-வாலாஜாஹி’யைப் பாரசீகத்திலிருந்து ஆங்கிலமாக்கினார். அது 1934இலும் 1939இலும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. மலபாரில் போர்ச்சுகீசியரை எதிர்த்த வரலாற்றைச் சொல்லும் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ அரபி நூல். அதையும் மொழிபெயர்த்தவர் அவரேதான். தென்னிந்திய வரலாற்றின் இரண்டு பக்கங்களையும் ஒரே மனிதர் திறக்க முடிந்தது, அவருக்கு இரண்டு மொழியும் தெரிந்ததால். இன்று பல இடங்களில் அரபி வேலைவாய்ப்புக்கான மொழியாகவும் பாரசீகம் கவிதைக்கான மொழியாகவும் பிரிந்து கிடக்கின்றன. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஆற்காட்டின் கதை ஆற்காட்டுப் பிள்ளைகளுக்கே எட்டாமல் போவதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம்.

வீட்டில் சொல்வது தவறில்லை. அரபிக்கு வேலை உண்டு. வளைகுடாவில் மட்டுமல்ல, சென்னை மருத்துவமனைகளுக்கு ஓமன் போன்ற நாடுகளிலிருந்து வரும் நோயாளிகளுக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். பாரசீகத்துக்கு அந்த அளவு சந்தை இல்லை, மறைக்க வேண்டியதில்லை. அரபியை முதலில் எடுத்தால் வீட்டுக்கும் நிம்மதி, உங்கள் ஆய்வுக்கும் அடித்தளம்.

பல்கலைக்கழகம் திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வேலூரிலேயே பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், லத்தீஃபிய்யா என்று நூறாண்டு தாண்டிய இரண்டு அரபிக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆம்பூர்ப் பக்கம் உமராபாத்தில் 1924இல் தொடங்கிய ஜாமியா தாருஸ்ஸலாம் இருக்கிறது. வடஆற்காட்டு மண்ணில் இந்த மொழிகளை ஆழமாகக் கற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். தயங்காமல் நேரில் போய், எழுத்தும் உச்சரிப்பும் கற்றுத்தர ஒருவரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உச்சரிப்பு ஆசிரியர் வாயிலிருந்து வரவேண்டும், செயலிகளை நம்பி உட்காராதீர்கள்.

சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் துறைக்கு எழுதி மூன்று விஷயம் கேளுங்கள். அடிப்படையே தெரியாத வரலாற்று மாணவரை முதுகலையில் எடுப்பார்களா, அல்லது முதலில் சான்றிதழ், டிப்ளமோ முடிக்கவேண்டுமா? அரபி மாணவர் பாரசீகத்தை விருப்பப்பாடமாக எடுக்க அனுமதி உண்டா? பழைய கையெழுத்து படிக்கச் சொல்லித்தரும் தாள் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வரும் இடம் தூரமானாலும் அங்கேயே போங்கள். பதில்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்த்து முடிவெடுப்போம்.