இயந்திரம் திருத்தும் நிரல்கள்: வாசகர் கேள்வி–பதில்

கல்லூரிகளில் மாணவர் எழுதும் கணினி நிரல்களுக்கு மென்பொருளே மதிப்பெண் இடும் முறை குறித்து நம் குமரி மாவட்டத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் நான்கிற்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: நான் பொறியியல் முதலாண்டு மாணவி. பைத்தான் என்ற நிரல்மொழிக்கான லேப் தேர்வில் நான் எழுதிய நிரல் என் மடிக்கணினியில் சரியான விடையைத் தருகிறது. கல்லூரியின் மதிப்பீட்டு மென்பொருளோ சுழியம் போட்டுவிட்டது. இது நியாயமா? – மாணவி, தக்கலை

பதில்: நீங்கள் கேள்வியோடு இணைத்திருந்த நிரலைப் படித்துப் பார்த்தேன். கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. காரணம் முதல் வரியிலேயே இருக்கிறது. எண்ணைப் பெறுவதற்கான இன்புட் கட்டளையின் அடைப்புக்குறிக்குள் "எண்ணைத் தருக" என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் கணினி முன் அமர்ந்து நிரலை இயக்குவதாக இருந்தால் அது பாராட்டத்தக்க பழக்கம். ஆனால் மதிப்பீட்டு மென்பொருள், நிரல் வெளியிடும் எழுத்துகள் அத்தனையையும் திரட்டி, ஆசிரியர் முன்கூட்டியே பதிந்துவைத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. அது 120 என்பதை மட்டும் எதிர்பார்க்கும் இடத்தில் "எண்ணைத் தருக 120" என்று வந்தால், அதன் கணக்கில் அது தவறான விடைதான். ஒவ்வொரு டெஸ்ட் கேஸிலும், அதாவது நிரலைச் சோதிக்க ஆசிரியர் வைத்த ஒவ்வோர் உள்ளீடு–விடை இணையிலும், அந்தக் குறிப்பு முன்னால் வந்து நின்றதால் அத்தனையும் தவறாகிவிட்டன.

தசம எண்களிலும் இதே சிக்கல் உண்டு. பைத்தானில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கணினி எண்களை இரும முறையில் சேமிப்பதால் நேர்வது இது, மாணவரின் பிழையன்று. வரி இறுதியில் கூடுதலாக விழும் இடைவெளியைப் பொருட்படுத்தாமல் விடுவதும், தசம விடைகளில் சிறு வேறுபாட்டை ஏற்றுக்கொள்வதும் மென்பொருளில் முன்னரே அமைக்கக்கூடியவை. அவற்றை அமைக்காமல் தேர்வு நடத்துவது வினா தயாரித்தவரின் குறைபாடு என்றே நான் கருதுகிறேன். குறிப்பு எதுவும் அச்சிடக்கூடாது என்பது வினாத்தாளில் தெளிவாக இருந்ததா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், உள்ளீடு, எதிர்பார்த்த விடை, உங்கள் நிரல் தந்த விடை ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, பாட ஆசிரியரிடம் மறுமதிப்பீடு கேளுங்கள். இவ்வளவு தெளிவாக முன்வைக்கப்பட்ட கோரிக்கையை மறுப்பது எவருக்கும் எளிதாக இராது.

கேள்வி: அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் முதல் பருவத்திலேயே பைத்தான் வைக்கப்பட்டிருந்தது. ஒரு வகுப்பில் அறுபது பேரின் நிரல்களையும் படித்துத் திருத்துவது இயலாததாகிவிட்டது. தானியங்கி மதிப்பீட்டை முழுமையாக ஏற்கலாமா? – உதவிப் பேராசிரியர், மார்த்தாண்டம்

பதில்: உங்கள் சிரமம் புதிதன்று. அமெரிக்காவின் ரென்சிலர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் மாணவர் நிரல்கள் துளையிட்ட அட்டைகளில் வந்த காலத்திலேயே, அவற்றைத் திருத்துவதற்கான நிரல் ஒன்றைப் பற்றி ஜாக் ஹாலிங்ஸ்வொர்த் 1960இல் கட்டுரை எழுதினார். பின்னாளில் பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த், ஜார்ஜ் ஃபோர்சைத்துடன் சேர்ந்து ஸ்டான்ஃபோர்டில் செய்த இத்தகைய பணியை 1965இல் வெளியிட்டார். வகுப்புகள் பெருத்தபோதெல்லாம் ஆசிரியர்கள் இந்த வழியை நாடியிருக்கிறார்கள். நீங்களும் தயங்காமல் நாடலாம். உங்கள் கல்லூரி மூடில் என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தைப் பயன்படுத்துவதாயின், நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் உருவான கோட்ரன்னர் என்ற செருகுநிரலைக் கட்டணமின்றி அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் 'முழுமையாக' என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. இயந்திரத்தின் பெரும் பயன் அதன் வேகம். ரெக்கார்டு நோட்டில் இரண்டு வாரம் கழித்து விழும் சிவப்புக் கோட்டைவிட, தவறு நடந்த அதே நிமிடத்தில் எந்த உள்ளீட்டுக்கு நிரல் தடுமாறியது என்று தெரிவதே மாணவரைத் திருத்துகிறது. ஆகவே பயிற்சி வகுப்புகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரலைச் சமர்ப்பிக்க விடுங்கள்.

அதே வேளையில், ஒரு நிரலின் தரத்தை டெஸ்ட் கேஸ்களால் மட்டும் அளந்துவிட முடியாது. தோவாளைப் பூச்சந்தைக்கு ஒரு விவசாயி கொண்டுவரும் பிச்சி, மல்லிகை, சம்பங்கி ஆகியவற்றின் எடையையும் அன்றைய விலையையும் பெற்று, மொத்தத் தொகையைக் கணக்கிடும் நிரலை எழுதச் சொல்வதாகக் கொள்வோம். ஒரு மாணவர் பூவின் பெயர்களைப் பட்டியலில் வைத்து, கணக்கை, பெயர் சொல்லி அழைத்துப் பயன்படுத்தும் தனிச் செயற்கூறாகப் பிரித்து எழுதுவார். மற்றவர் ஒவ்வொரு பூவுக்கும் அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஒட்டி நாற்பது வரிகளில் முடிப்பார். நான்காவதாகக் கனகாம்பரம் வந்தால் இரண்டாமவரின் நிரலை ஏறக்குறைய மீண்டும் எழுதவேண்டியிருக்கும். இயந்திரம் இருவருக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிடும். டெஸ்ட் கேஸ்களை முன்கூட்டியே தெரிந்துகொண்ட மூன்றாமவர் கணக்கே போடாமல், இந்த உள்ளீடு வந்தால் இந்த விடையை அச்சிடு என்று எழுதியிருந்தாலும் அதே மதிப்பெண்தான் கிடைக்கும். ஆகையால் சில டெஸ்ட் கேஸ்களை வெளிப்படையாகவும் சிலவற்றை மறைவாகவும் வையுங்கள். மறைவாக வைப்பவற்றில் எடை சுழியமாக வருவது, ஒரே ஒரு பூ மட்டும் வருவது போன்ற எல்லை நிலைகள் இடம்பெறட்டும்.

குறித்த நேரத்துக்குள் விடை தராத நிரலை இயந்திரம் 'நேரம் கடந்துவிட்டது' என்ற ஒற்றை வரியோடு நிராகரிப்பதும் போதாது. முந்தைய இரண்டு எண்களின் கூட்டலே அடுத்த எண்ணாகும் ஃபிபனாச்சி வரிசையின் 40ஆம் எண்ணை எளிய தன்னழைப்பு முறையில் கண்டால், அந்தச் செயற்கூறு 33 கோடிக்கும் அதிகமான முறை தன்னைத்தானே அழைக்கிறது. அதே வரிகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் சாதாரண மடக்கு ஒன்றாலோ நாற்பது சுற்றுகளுக்குள் விடை கிடைத்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் விளக்கும் பத்து நிமிடம், அந்தப் பாடத்தின் மிகச் சிறந்த பத்து நிமிடமாக அமையக்கூடும். இயந்திரம் உங்களுக்கு மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை இதற்குச் செலவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் நிரல் எழுதித் தரும் இந்நாளில், டெஸ்ட் கேஸ்களைத் தாண்டிவிட்ட நிரல் மாணவருடையதுதானா என்பதை இயந்திரத்தால் சொல்ல இயலாது. இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு ஒதுக்கி, "இந்த வரியை நீக்கினால் என்ன ஆகும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தானே எழுதியவர் சற்று யோசித்தேனும் சொல்லிவிடுவார்.

கேள்வி: என் மகளின் நிரலும் அவள் தோழியின் நிரலும் பெருமளவு ஒத்திருப்பதாகக் கணினி காட்டியதாம். இருவருக்கும் சுழியம். மகள் தானே எழுதியதாக அழுகிறாள். – ஒரு தந்தை, குளச்சல்

பதில்: அமெரிக்கக் கணினி அறிஞர் அலெக்ஸ் ஐக்கன் உருவாக்கி 1994 முதல் பயன்பாட்டில் உள்ள மாஸ், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உருவான ஜேபிளாக் போன்ற மென்பொருள்கள், மதிப்புகளைச் சேமிக்கும் மாறிகளின் பெயரை மாற்றினாலும் ஏமாறாமல் நிரலின் கட்டமைப்பையே ஒப்பிடுகின்றன. ஆனால் அவை காட்டுவது ஒற்றுமையை மட்டுமே, களவை அன்று. ஆறு வரியில் முடியும் தொடர்பெருக்க (ஃபேக்டோரியல்) நிரலை ஒரே ஆசிரியரிடம் படித்த அறுபது பேரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். ஆசிரியர் வகுப்பில் கொடுத்த மாதிரி நிரலை ஒப்பீட்டிலிருந்து விலக்கும் வசதியும் இவற்றில் உண்டு. அது பயன்படுத்தப்பட்டதா என்று துறைத்தலைவரிடம் பணிவாகக் கேளுங்கள். இருவரையும் தனித்தனியே அமர்த்தி, அவரவர் நிரலை விளக்கச் சொல்லுமாறும் வேண்டுங்கள். பிள்ளைகளின் தரப்பைக் கேளாமல் கணினி காட்டிய ஒற்றுமை விழுக்காட்டை மட்டும் வைத்துத் தண்டிப்பது முறையன்று. மகளை வீட்டில் குற்றவாளியைப் போல விசாரிக்காதீர்கள். அவள் நிரலை வரிவரியாக உங்களுக்குச் சொல்லிக்காட்டட்டும். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, விசாரணைக்கு முன் அவளுக்கு அது நல்ல பயிற்சி.

கேள்வி: தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்துள்ளேன். மதிப்பீட்டு மென்பொருள் ஆங்கிலத்தில் காட்டும் பிழைச் செய்திகள் விளங்கவில்லை. தமிழில் வர வழியுண்டா? – மாணவர், திட்டுவிளை

பதில்: பைத்தான் தானாகக் காட்டும் செய்திகள் ஆங்கிலத்திலேதான் வரும். அடிக்கடி எதிர்ப்படுபவை பத்துப் பன்னிரண்டுக்குள் அடங்கும் என்பதால், அவற்றை ஒரு நோட்டில் எழுதி எதிரே தமிழில் பொருளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் கேஸ் தோற்கும்போது காட்டவேண்டிய விளக்கம் ஆசிரியர் எழுதுவது. "எடை சுழியமாக இருக்கும்போது உங்கள் நிரல் நின்றுவிடுகிறது" என்று அவர் தமிழிலேயே எழுதிவைக்கலாம். பைத்தான் 3 பதிப்புகள், எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூனிகோடு முறையை ஏற்பதால் மாறிகளுக்கு 'எடை', 'விலை' என்று தமிழில் பெயரிட்டாலும் நிரல் ஓடும். உங்கள் ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள். வகுப்பில் இந்த உதவி தேவைப்படுபவர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்கமாட்டீர்கள்.